ஈரச் சுவரும் இங்கிலாந்தின் சட்டமும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது முதலாளித்துவ சமுதாயம் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் பெருமைகளுள் முதன்மையானது. அப்பெருமையின் தரத்தை அறிய அரசியற் சாசனங்களைப் புரட்டவேண்டியதில்லை. குடிக்கூலிக்கு வாழும் ஏழையின் வீட்டுச் சுவரை நோக்கினாலே போதும். அச்சுவரில் ஈரம் ஊறிக் கரும்பூஞ்சணம் படர்ந்து, அதன் நுண்வித்துக்களைச் சுவாசித்து அவன் குழந்தை நோயுறுமாயின், அவன் எவரிடம் முறையிடலாம்? அவனுக்கு உரிய பரிகாரம் யாது? இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் சட்டம் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக அளித்துவந்த விடைகளை ஒழுங்குபட நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் நாட்டுப் பாடசாலைகளில் ஆங்கிலச் சட்டம் நீதியின் உறைவிடமாகப் போற்றப்பட்டு வந்தமையால், அதன் மறுபக்கத்தை அறிதலும் நமக்கு வேண்டற்பாலதே.

1842ஆம் ஆண்டின் இறுதியில் பிரெடரிக் ஏங்கெல்ஸ் என்னும் இளைஞர் மான்செஸ்டர் நகரை அடைந்தார். தந்தையார் பங்காளியாயிருந்த பஞ்சாலையில் தொழில் பழக வந்த அவர், ஆலைக் கணக்கோடு தொழிலாளர் குடியிருப்புக்களையும் கற்றார். 1845இல் அவர் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலில், மெட்லொக் ஆற்றங்கரையின் நிலவறை வீடுகள் இடம்பெறுகின்றன. அங்கொரு கைத்தறி நெசவாளி தன் நிலவறையில் ஊறிய நீரைக் காலைதோறும் இறைத்துத் தெருவில் ஊற்ற வேண்டியிருந்ததாம்.

ஏங்கெல்ஸ் மான்செஸ்டரில் உலாவிய அதே காலத்தில் இலண்டன் நீதிமன்றம் இரு வழக்குகளைத் தீர்த்தது. 1843இல் தீர்க்கப்பட்ட முதல் வழக்கு, பிரைட்டன் கடற்கரையில் வாரத்துக்கு 8 கினி வாடகையில் ஒரு சீமான் எடுத்த வீடு பற்றியது. தளபாடங்களுடன் விடப்பட்ட அவ்வீட்டில் மூட்டைப்பூச்சி மலிந்திருந்தது. அத்தகைய வீடு வாழத் தகுந்ததாயிருத்தல் வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிடினும் அதனுள் அடங்கியதே எனக் கூறிய நீதியரசர் பார்க், சீமான் வெளியேறியது சரியே என்றார். ஓராண்டு கழியுமுன் இரண்டாம் வழக்கு வந்தது. அங்கும் மூட்டைப்பூச்சியே முறைப்பாடு. தீர்ப்புக் கூறியவரும் அதே பார்க்தான். ஆனால் இவ்வீடு தளபாடமின்றி விடப்பட்டது. ஆதலின் எவ்வித உறுதியும் அதில் அடங்கவில்லை. எடுப்பவனே பார்த்து எடுத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தளபாடமிட்ட கடற்கரை மனைகளை ஓய்வுக்கு எடுப்போர் வசதி படைத்தோர். வெறுஞ்சுவருக்குள் தம் கட்டிலையும் பானையையும் கொண்டு புகுவோர் உழைப்போர். நீதியரசர் வர்க்கத்தின் பெயரை உச்சரிக்கவில்லை. எனினும் சட்டம் இரு வர்க்கங்களுக்கும் இருவேறு விடைகளை அளித்துவிட்டது.

இந்நிலை நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. கொள்ளைநோய் சேரியில் பிறந்தாலும் மாளிகையையும் எட்டும் என்பதைக் கொலரா உணர்த்தியிருந்தது. 1884இல் சேர் சார்ள்ஸ் டில்க் தலைமையில் அரச ஆணைக்குழுவொன்று அமைந்தது. பட்டத்து இளவரசரும் அதில் அங்கம் வகித்தார். அதன் விளைவாகிய 1885ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், தொழிலாளருக்கு விடப்படும் வீடு மனிதர் வாழத் தகுந்ததாயிருத்தல் வேண்டும் என்று முதன்முறையாக விதித்தது. ஆயின் ஒரு கையால் ஈந்ததை மறுகையாற் பறிக்கும் வித்தையும் அதிலேயே இருந்தது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வாடகை வீடுகளுக்கு மட்டுமே அவ்விதி பொருந்தும். ஆண்டு வாடகை இலண்டனில் 20 பவுண், மான்செஸ்டரில் 10 பவுண் என எல்லை வகுக்கப்பட்டது. வாடகை ஏற ஏற வீடுகள் எல்லைக்கு வெளியே சென்றன. 1957இல் எல்லை இலண்டனில் 80 பவுண், ஏனைய இடங்களில் 52 பவுண் ஆயிற்று, அதன்பின் உயர்த்தப்படவேயில்லை. 1985இல் சட்டத்தைத் தொகுத்தெழுதியபோதும் அதே தொகைகளே பொறிக்கப்பட்டன. வாரத்துக்கு ஒரு பவுணுக்கு அப்போது இங்கிலாந்தில் எவ்வீடு கிடைக்கும்? உரிமை சட்டநூலில் இருந்தது. அதற்கு உரியவர்தாம் நாட்டில் இல்லை.

வீட்டில் மிகுதியான நேரத்தைக் கழிப்போர் பெண்களும் பிள்ளைகளுமே. அவர்களைச் சட்டம் எவ்வாறு கண்டது என்பதற்கு 1906ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று சான்று. சொந்தக்காரர் தரப்பில் திருத்தித் தருவதாக வாக்களிக்கப்பட்ட அடுக்களைத் தளம் திருத்தப்படாமலே இடிந்து, குடியிருந்தவரின் மனைவி காயமுற்றாள். ஒப்பந்தம் செய்தவன் கணவன். ஆதலின் மனைவிக்கு நட்டஈடு இல்லை எனப் பிரபுக்கள் சபை தீர்த்தது. இந்த அநீதியைப் பெரிதும் நீக்கிய சட்டம் 1972இலேதான் வந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின் நகரசபைகள் இலட்சக்கணக்கில் வீடுகள் கட்டின. அது தொழிலாள வர்க்க அரசியலின் பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வீடுகளிற் பலவற்றில் புதியதோர் ஈரம் தோன்றியது. கூரை ஒழுகவில்லை, சுவர் வெடிக்கவுமில்லை. சமையலாலும் குளியலாலும் மூச்சாலும் எழும் நீராவி, வெப்பக்காப்பு இல்லாத குளிர்ந்த சுவரிலும் உலோகச் சாளரத்திலும் பட்டு நீராகிறது. காற்றோட்டமில்லாத மூலையில் அந்நீர் பூஞ்சணத்தை வளர்க்கிறது. தெற்கு வேல்சில் டாஃப் ஈலி நகரசபை வீடொன்றில் இவ்வாறு ஆடைகளும் படுக்கையும் தளபாடங்களும் உக்கிப்போயின. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டின் கட்டமைப்பைப் பழுதுபார்க்கும் கடமையைச் சொந்தக்காரர்மேற் சுமத்தியிருந்தது. ஆயினும் 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குடியிருந்தவருக்கு எதிராகவே தீர்த்தது. சாளரம் கட்டிய நாளில் எப்படியிருந்ததோ அப்படியே இருக்கிறது. பழுதடையாத ஒன்றைப் பழுதுபார்க்கும் கடமை எவருக்கும் இல்லை என்பது அதன் தருக்கம். தருக்கத்திற் குறையில்லை. தொடக்கத்திலேயே தீங்காகக் கட்டப்பட்ட வீடு சட்டத்தின் கண்ணுக்கு நல்ல வீடாயிற்று என்பதே அதன் பொருள்.

ஏனைய வாயில்களும் குறுகலானவையே. 2004ஆம் ஆண்டுச் சட்டம் 29 வகைத் தீங்குகளை வகுத்து, அவற்றுள் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் முதலில் வைத்தது. ஆனால் அதை அமுலாக்கும் நகரசபை தன் சொந்த வீடுகள்மேல் தனக்கே கட்டளை பிறப்பிக்க இயலாது. 2012இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, பழுதான வீடுகள் பற்றிய நட்டஈட்டு வழக்குகளுக்கு அரசு அளித்த சட்ட உதவியைப் பெரும்பாலும் நிறுத்தியது. வாடகை எல்லையை அகற்றி எல்லா வீடுகளும் வாழத் தகுந்தனவாயிருத்தல் வேண்டுமெனச் சட்ட ஆணைக்குழு 1996இலேயே விதந்துரைத்திருந்தது. இருபது ஆண்டுகளின் பின், 2016 ஜனவரியில் அக்கருத்துத் திருத்தப் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது 219க்கு 312 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்தோருட் பலர் தாமும் வீடுகளை வாடகைக்கு விட்டவர்கள் என்பது உறுப்பினர் நலன்கள் பற்றிய பதிவேட்டிலிருந்தே தெரியவந்தது. 2017 ஜூன் 14இல் இலண்டன் கிரென்பெல் தொடர்மாடியில் மூண்ட தீ 72 உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே, கரென் பக் என்னும் தொழிற்கட்சி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2018இல் சட்டமாகி 2019 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை எல்லை ஒழிந்தது. பழுதா, கட்டுமானக் குறையா என்ற வாதமும் வலுவிழந்தது.

ஆனால் உரிமை உண்டாதல் வேறு, அது உரிய வேளையில் வந்து சேர்தல் வேறு. மான்செஸ்டருக்கு அணித்தான ரொச்டேல் நகர், 1844இல் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூட்டுறவுக் கடை திறந்த ஊர். நம் நாட்டுக் கூட்டுறவாளரும் அப்பெயரை நன்கறிவர். அந்நகரில், குடியிருப்போரும் ஊழியரும் உறுப்பினராயிருந்த வீடமைப்புச் சங்கமொன்றின் ஓரறைத் தொடர்மாடி வீட்டில், சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாழ்ந்தது. 2017இல் தந்தை பூஞ்சணம் பற்றி முறையிட்டார். அதன்மேல் வர்ணம் பூசும்படி கூறப்பட்டது. 2020 ஜூனில் சட்டத்தரணியை நாடினார். வழக்குத் தொடங்கினால், மறுதரப்புச் சட்டத்தரணியின் இணக்கம் கிடைக்கும்வரை திருத்தவேலை செய்வதில்லை என்பது சங்கத்தின் நடைமுறையாம்! நீதியை நாடியமையே பரிகாரத்துக்குத் தடையாயிற்று. 2020 டிசம்பர் 21இல், இரண்டு வயது நிறைந்து எட்டு நாளில், அவாப் இஷாக் என்னும் அக்குழந்தை இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்தமையால் உண்டான கடுஞ் சுவாச நோயே காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறை பற்றித் தாம் கொண்டிருந்த ஊகங்கள் தவறானவை எனச் சங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. ஈரத்துக்கு ஏழையின் பழக்கவழக்கமே காரணம் என்னும் இவ்வூகம் விக்டோரியா மகாராணி காலத்தது. இங்கு அதனுடன் அந்நியன் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

பெற்றோரின் போராட்டத்தால் அக்குழந்தையின் பெயரைத் தாங்கிய விதி 2023ஆம் ஆண்டுச் சமூக வீடமைப்புச் சட்டத்தில் இடம்பெற்று, 2025 ஒக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்து உடனடியானதாயின் 24 மணித்தியாலத்துள் நடவடிக்கை வேண்டும். கடுமையான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாள்களுள் ஆராய்ந்து, தீங்கு உறுதியானால் அடுத்த 5 வேலை நாள்களுள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும்; இயலாதாயின் மாற்றிடம் அளிக்க வேண்டும். தனியார் வீடுகளுக்கும் இதனை விரிவாக்க 2025ஆம் ஆண்டின் பிறிதொரு சட்டம் வழிவகுத்துள்ளது. இவற்றுடன், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் திருத்தக் கட்டளையும் நட்டஈடும் கோரலாம். 1990ஆம் ஆண்டுச் சுற்றாடற் சட்டத்தின்கீழ் 21 நாள் அறிவித்தல் கொடுத்து நீதவான் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். உடல்நலக் கேட்டுக்கு நட்டஈடு கோருவோர் பொதுவாக 3 ஆண்டுகளுள் வழக்கிடுதல் வேண்டும். நோய்க்கும் பூஞ்சணத்துக்கும் உள்ள தொடர்பை வைத்தியச் சான்றினால் நிறுவுதலும் வேண்டும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வாடகை எவ்வளவு, கையொப்பமிட்டவர் யார், சாளரம் பழுதடைந்ததா என்றெல்லாம் சட்டம் நெடுங்காலம் வினவியது. அவ்வீட்டிலிருப்போர் நலமாக மூச்சுவிடுகிறார்களா என்று வினவ அது கற்றுக்கொண்டது மிக அண்மையிலேதான். அதற்கு எத்தனை நாளில் விடை வரவேண்டும் என எண்ணிச் சொல்லும் நிலையை அடைந்ததோ ஒரு குழந்தை மாண்ட பின்னரே. நாள்களை எண்ணும் சட்டம் நல்ல சட்டமென்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் பூஞ்சணமும் நாள்களை எண்ணியே வளர்கிறது. ஆயினும் சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவனுக்கு அந்நாள்களைக் கேட்டுப் பெற்றுக்கொடுப்பது யார்? அங்கே குடியிருப்போரின் சங்கங்களும், மக்கள் பக்கம் நிற்கும் சட்டத்தரணிகளும், விழிப்புற்ற பொதுசன அபிப்பிராயமும் இன்றியமையாதனவாகின்றன. எழுதப்பட்ட உரிமையை வாழும் உரிமையாக்குவது அமைப்பாகத் திரண்ட மக்களின் கையிலேயே தங்கியுள்ளது.