திரையில் வந்த சுன் யாட் சென்

சீன நாட்டு வரலாற்றின் ஒரு பகுதி பினாங்கில் நடந்தது. 2007-இல் வந்த 'தி ரோடு டு டான்' என்னும் சீனப் படம் அதைத்தான் காட்டுகிறது. சுன் யாட் சென்னாக வின்ஸ்டன் சாவ் நடித்தார். அவரது கம்பீரத்தைப் புகழ்வோர் உண்டு. வரலாற்றுப் படத்தில் காதல் எதற்கு என்போரும் உண்டு.

நமக்குப் படத்தின் உயிர் சென் சுயிஃபென் என்ற பெண்மணிதான். கற்பனைப் பாத்திரம் அல்லர் அவர். புரட்சிக்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டு, துணி துவைத்துக் கொடுத்தவர். 1910 நவம்பர் 13-இல் சுன் பினாங்கில் தோழர்களைக் கூட்டி, காண்டன் எழுச்சிக்குத் திட்டமிட்டுப் பணம் திரட்டினார். ஆங்கில அரசு அவரை அவ்வாண்டே வெளியேறச் சொன்னது. 1911 ஏப்ரலில் எழுச்சி தோற்றது. அக்டோபரில் ஊச்சாங்கில் மீண்டும் வெடித்தது. 1912-இல் முடியாட்சி வீழ்ந்தது.

அதே 1910-இல்தான் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. தமிழகத்தில் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் பிடிப்பதும் அவ்வாண்டே நின்றது; கங்காணி முறை தொடர்ந்தது. ஜொகூர்க் காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் பாட்டிமாரும் விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டுத்தானே பெரட்டுக்கு ஓடினார்கள்? அவர்களைப் படமெடுக்க எதைப் பார்த்து எடுப்பது?

சுன்னுக்கு ஆர்மீனியன் தெரு 120-ஆம் எண் வீடு அருங்காட்சியகமாக நிற்கிறது. நம் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய கப்பல் சீட்டோ சம்பளப் புத்தகமோ கிடந்தால், அது யாருடையது, எந்தத் தோட்டத்தது என்று பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.