இரு மொழியும் நம் முன்னோரும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்மண்டபத்துப் பெற்றோர் பலர் எழுப்பும் இரு வினாக்களுக்கு வரலாற்றிலிருந்து விடை கூற விழைகின்றோம். பிள்ளைக்குத் தமிழ் மட்டும் போதாதா என்பது ஒன்று. ஆங்கிலம் வந்துவிட்டால் தமிழ் எதற்கு என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடையாக வாழ்ந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டுச் சீமையில் பிறந்து, தீண்டாமையின் கொடுமைக்கிடையே கல்வி பயின்ற அப்பெருமகனார், 1893 அக்டோபரில் சென்னையில் 'பறையன்' என்னும் தமிழ் ஏட்டைத் தொடங்கினார். இழிவாய் உரைக்கப்பட்ட பெயரையே ஏட்டின் தலைப்பாக்கி நிமிர்ந்து நின்றார். தம் மக்களைத் தட்டியெழுப்பத் தமிழ் வேண்டியிருந்தது. ஆனால் ஆட்சியின் செவிக்கு எட்டிய மொழி அந்நாளில் ஆங்கிலமே. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கோரியபோது, ஆட்சிப் பொறுப்பு முழுதும் உயர்சாதியார் கைக்கே சென்றுவிடும் என நம் முன்னோர் அஞ்சினர். 3,412 பேர் கையொப்பமிட்ட எதிர் விண்ணப்பம் சீனிவாசனாரின் முயற்சியால் இலண்டன் பாராளுமன்றத்தை அடைந்தது.

பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்ற அவர், நாற்பது வயதைக் கடந்த நிலையில், அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர் நிறைந்த நாடு அது. கூண்டில் நிற்கும் தொழிலாளியின் சொல் நீதிபதியை எட்ட, இரு மொழியும் அறிந்த ஒருவர் வேண்டும். அவர் சொல் பிறழ்ந்தால் நீதியும் பிறழும்.

தாயகம் திரும்பியபின், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் அனைவரும் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடினார். அண்ணலும் 1920இல் மராத்தியில் 'மூக்நாயக்' ஏட்டைத் தொடங்கித் தம் மக்களோடு பேசினார். உலகோடு ஆங்கிலத்தில் பேசினார். பண்டிதர் அயோத்திதாசரோ தமிழோடு ஆங்கிலமும் பாலியும் வடமொழியும் கற்று, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தமிழிலேயே நடத்தினார். ஒரு மொழியை எய்த மற்றொன்றைக் கைவிட்டவர் இவர்களுள் எவருமிலர்.

தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என 1953இல் யுனெஸ்கோ எடுத்துரைத்தது. தமிழில் பிழையறப் படிக்கும் குழந்தைக்கு ஆங்கிலம் அடுத்த படி. அடித்தளமின்றிப் படி நில்லாது. தமிழகம் 1968இல் ஏற்ற இருமொழிக் கொள்கையும் நமக்கு இவ்விரண்டையுமே அளிக்கின்றது.

பெரியோர்க்கும் இது பொருந்தும். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் நம்மவர், சேமநிதிப் படிவத்திலும் விபத்து அறிக்கையிலும் பொருள் விளங்காது கையொப்பமிடுதல் தகுமா? படிக்க இயலாத தாளில் இட்ட ஒரு கையொப்பம் குடும்பத்துக்குரிய நட்டஈட்டையே பறித்துவிடக்கூடும்.

இளைஞர்களே! மாலையில் அரைமணி நேரம் உங்கள் பெற்றோரோடு அமர்ந்து அத்தாள்களைப் படித்துக் காட்டுங்கள். அவர்களையும் படிக்கச் செய்யுங்கள். நம் வழக்கை நாமே எழுதவும் நாமே பேசவும் வல்லவராவோமாக!