ஓசூர்ப் பிள்ளைகளும் நர்சிங் படிப்பும்

அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். பெங்களூரு நர்சிங் கல்லூரிகளில் நம் பெண் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் சிலர் ஏஜெண்டின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். வாழ்க்கை முழுவதற்குமான படிப்பு அல்லவா இது!

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவை. கல்லூரி ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தில் இணைந்ததா, கர்நாடக நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று அவர்களிடமே உறுதி செய்யுங்கள். கல்லூரிச் சுவரில் மாட்டிய சான்று போதாது. கர்நாடகத்தில் பதிவு செய்த பிள்ளை கிருஷ்ணகிரியில் வேலை பார்க்க வேண்டுமானால் சென்னையிலுள்ள தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிய வேண்டும். இது தெரியாமல் சொந்த ஊரில் வேலை தேடித் திண்டாடுவோர் உண்டு. அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்க நேர்ந்தால் ரசீது வாங்குங்கள்.

தலைத்துணி, நைட் டியூட்டி வாகனம் பற்றி வேலையில் சேருமுன் பேசிவிடுவது நல்லது. கை கழுவ வசதியாக அரைக்கை உடை கேட்பார்கள். அது தொற்றுத் தடுப்புக்காக. அகழ்ப்போரில் காயம்பட்டோருக்குக் கூடாரத்தில் மருந்திட்ட ருஃபைதா (ரலி) அவர்களின் வழியில் வந்த பணி இது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர்கள் யாரென்று முதல் வாரத்திலேயே பிள்ளை கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

வளைகுடா ஆசை இருந்தால் முதலில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.