கல்லாவில் வீற்றிருந்த ஞாபகசக்தி

ஜெர்மனியின் நிலக்கரிப் பிரதேசத்தைச் சேர்ந்த எஸ்ஸன் நகரில், சுரங்கத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஷோன்னெபெக் பேட்டையில், முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னே ஆல்பிரெக்ட் குடும்பத்தார் தொடங்கிய சிறு மளிகைக்கடையை, இரண்டாம் யுத்தம் ஓய்ந்தபின் ஏற்று நடத்திய கார்ல், தியோ என்னும் சகோதரர் இருவரும், நொடித்துப்போன ஜனங்களுக்கு மலிவாகப் பண்டம் கிடைக்கவேண்டுமானால் கடை அலங்காரமும் ஏராளமான சரக்கு வகைகளும் வீண் செலவே என்று நிச்சயித்து, சில நூறு பண்டங்களை மட்டும் அட்டைப்பெட்டிகளில் இருந்தபடியே விற்கலானார்கள். சிகரெட் விற்பதா கூடாதா என்ற அபிப்பிராய பேதத்தால் 1960-ஐ ஒட்டி வியாபாரம் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தபோதிலும், 1962-இல் தோன்றிய ஆல்டி என்ற பெயரும் சிக்கனமே தர்மம் என்ற கொள்கையும் இருவருக்கும் பொதுவாகவே நிலைத்தன.

இதற்கிடையே, மோர்ஸ் தந்திக் குறிகளை மனத்திற்கொண்டு மயாமிக் கடற்கரை மணலில் விரல்களால் கோடு இழுத்துப் பார்த்த நார்மன் ஜோசப் உட்லண்டும் அவருடைய நண்பர் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் உரிமைப் பட்டயம் பெற்ற பார்கோடு யோசனை, பிறரால் வேறு உருவில் அபிவிருத்தி செய்யப்பட்டு, 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாகாணத்து டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் கட்டை இன்னதென்று காட்டி, உலக வியாபாரத்தில் பிரவேசித்தது. மற்றக் கடைகள் அந்தக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் யந்திரத்தை ஒவ்வொன்றாகச் சுவீகரித்துக்கொள்ள, காசு விஷயத்தில் எல்லோரினும் கண்ணும் கருத்துமான ஆல்டி மட்டும் கால் நூற்றாண்டுக் காலம் அதை வாங்காமலே இருந்தது.

காரணம், அங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களின் ஞாபகசக்தியே. தெற்குக் கடைகளில் ஒவ்வொரு பண்டத்தின் விலையையும், வடக்குக் கடைகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய மூன்றிலக்க எண்ணையும் அவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒரு கை பண்டங்களை நகர்த்த, மறு கையின் விரல்கள் பாராமலே விசைகளைத் தட்டும். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிக் கோடுகளைத் தேடவேண்டியிருந்த ஆரம்பகால ஸ்கேனர் அந்த வேகத்துக்கு ஈடாகவில்லை.

சரக்கு வகைகள் பெருகி, யந்திரமும் நுட்பமடைந்த பிறகே, 2000-ஐ ஒட்டித் தெற்கும், சில ஆண்டுகள் கழித்து வடக்கும் ஸ்கேனரை ஏற்றன. அப்போதும் யந்திரத்தின் மந்த கதிக்கு மனிதர் இணங்கிவிடவில்லை. பண்டம் எந்தப் பக்கமாக வந்தாலும் கண்ணாடிக்குக் கோடு தெரியும்படி, பொட்டலங்களின் பல பக்கங்களிலும் பார்கோடுகளைப் பெரிதாக அச்சிடச் செய்தார்கள். வாங்குவோர் பண்டங்களை அப்படியே தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, தனியே உள்ள மேடையில் வைத்துப் பைகளில் அடுக்கிக்கொள்ளும் பழைய கிரமமும் தொடர்ந்தது.

வியாபார சரித்திரம் யந்திரங்களைக் கண்டுபிடித்தவர்களின் நாமங்களைப் போற்றிவைக்கிறது, அது நியாயமே. ஆயினும், யந்திரம் எவ்வளவு விரைந்து வேலை செய்தால் போதும் என்பதைத் தம் விரல்களின் சாமர்த்தியத்தால் நிர்ணயித்து, அந்த அளவை அது எட்டும்வரை வாசலிலேயே காக்கவைத்த பெயரறியாத ஊழியர்களும் அதே சரித்திரத்தின் கர்த்தாக்களே என்பதை நாம் மறக்கலாகாது.