வேடந்தாங்கல்ல விழுந்த ஈயக்குண்டு

அமெரிக்காவுல காட்டு வான்கோழி சுடப் போறவங்க ரெண்டு விஷயத்துக்காக மணிக்கணக்கா சண்டை போடுவாங்க. தோட்டா எவ்வளவு வேகமா கிளம்பணும், அதுக்குள்ள இருக்கிற குண்டு எந்த சைஸ்ல இருக்கணும். 'நமக்கு எதுக்குய்யா இது'ன்னு ஓடிடாதீங்க. நம்ம செங்கல்பட்டுச் சீமைக்கு இந்தக் கணக்கோட இருநூறு வருஷத்துக்கு மேல சங்காத்தம் உண்டு. ஒரகடம் கம்பெனிகளைத் தாண்டி சிங்கப்பெருமாள் கோவில் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போய், படாளத்தில் வலது பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேடர்களின் ஏரி! பேரே வேட்டையிலதான் ஆரம்பிக்குது.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டாங்களாம். ஊர்க்காரங்க சும்மா விடலை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் அவங்க வயலுக்கு உரம். பறவை போனா வெள்ளாமை போச்சு. செங்கல்பட்டுக்கே போய் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவையை யாரும் தொடக்கூடாதுன்னு கவுல் (எழுத்துமூலமான உறுதி) வாங்கிட்டாங்க. 1798-ன்னு சொல்வாங்க. இதை ஏதோ துரையின் கருணை மாதிரி எழுதுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். ஊர் கேட்டு வாங்கின காகிதம் சார் அது.

அந்தக் காலப் பறவைத் துப்பாக்கிக்கு இப்போ மாதிரி ரெடிமேட் தோட்டா கிடையாது. குழாய் வாய் வழியா வெடிமருந்து, அடைப்பு, ஒரு கை ஈயக்குண்டு, மறுபடி அடைப்பு, கம்பியால ஒரு கெட்டிப்பு. மருந்தோட அளவுதான் வேகம். மருந்தும் குண்டும் ஒரே அளவுக் குவளையில் எடுக்கணும் என்பது பழைய வேட்டைக்காரங்க வழக்கு. ஆசைப்பட்டு மருந்தைக் கூட்டினா குண்டெல்லாம் சிதறிப் போகும், நடுவுல பறவை ஹாயா பறந்து போயிடும். குண்டு உருண்டையா இருக்கணுமே, அதுக்கு பிரிஸ்டல்காரர் வில்லியம் வாட்ஸ் 1782-ல் காப்புரிமை வாங்கினார். உயரத்திலிருந்து உருக்கின ஈயத்தைச் சல்லடை வழியா தண்ணியில் விட்டா, விழும்போதே முத்து முத்தா உருண்டுக்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

அப்புறம் நம்பர் வந்தது. அமெரிக்கக் கணக்குல 17-லிருந்து நம்பரைக் கழிச்சா, குண்டோட விட்டம் அங்குலத்தில் நூறில் அத்தனை பங்கு. 6-ம் நம்பர் 0.11 அங்குலம், 4-ம் நம்பர் 0.13. நம்பர் ஏற ஏற குண்டு பொடிசு. ஒரு அவுன்ஸ் ஈயத்தில் 6-ம் நம்பர் சுமார் 225 குண்டு, 4-ம் நம்பர் சுமார் 135 தான். வான்கோழிக்குத் தலையையும் கழுத்தையும்தான் குறி வைப்பாங்க. சின்ன இலக்கு, அதனால குண்டு நெருக்கமா போய் விழணும். அதே சமயம் உள்ளே இறங்கற கனமும் வேணும். அதான் 4, 5, 6-க்குள்ளேயே சண்டை.

வேகத்தைப் பத்தி என் கட்சி இது: உருண்டைக் குண்டு காத்தில் சீக்கிரம் களைச்சுப் போகும். விநாடிக்கு 1,200 அடிக்குப் பதிலா 1,300 அடியில் கிளப்பினாலும், 40 கெஜம் போறதுக்குள்ள அந்த நூறில் பாதிக்கு மேல கரைஞ்சுடும். கனமான குண்டுதான் வேகத்தைக் காப்பாத்திக்கும்.

இந்தக் கைக்கணக்கை நம்ம பக்கம் ரொம்ப நாள் வச்சிருந்தவங்க நரிக்குறவர்கள். நாட்டுத் துப்பாக்கியில மருந்தும் குண்டும் அவங்களே அளந்து போடுவாங்க. 1972 வனவிலங்குச் சட்டம் அந்தத் தொழிலை முடிச்சு வச்சது. மாற்றா என்ன கொடுத்தோம்? பழங்குடிப் பட்டியலில் அவங்களைச் சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்தைத் தாண்டவே 2022 டிசம்பர் ஆச்சு.

குறி தப்பின குண்டும் சும்மா கிடக்காது. நீர்ப்பறவைங்க இரையை அரைக்க பொடிக்கல் முழுங்கும். கல்லுன்னு நினைச்சு ஈயத்தையும் முழுங்கி, விஷமேறிச் சாகும். இதனால் 1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை. மாற்றா வந்த இரும்புக்கு அடர்த்தி 7.8 தான், ஈயத்துக்கோ 11.3. ஈடுகட்ட ரெண்டு சைஸ் பெரிய குண்டு போட்டு, வேகத்தையும் ஏத்தினாங்க. வான்கோழிக்குப் பெரும்பாலான இடங்களில் ஈயம் இன்னும் ஓடுது. காசிருக்கறவங்க டங்ஸ்டன்ல 9-ம் நம்பர் போடறாங்க. அடர்த்தி 18, அதனால பொடிக்குண்டே போதும்.