பௌபஜாரிலிருந்து ஜெசீரோவுக்கு

ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளை அவ்வளவாக நினைப்பதில்லை. செவ்வாயில் உயிரைத் தேடும் இன்றைய முயற்சிக்கு அந்த ஐந்து ஆண்டுகளே பெரிய பாடம். 1923இல் கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் சூரிய ஒளியை வடிகட்டி நீரில் பாய்ச்சினார். சிதறி வந்த ஒளியில், உள்ளே அனுப்பாத ஒரு நிறம் மங்கலாகத் தெரிந்தது. உடனொளிர்வு என்றே அப்போது அதை எடுத்துக்கொண்டார்கள். திரவத்தில் கலந்துள்ள ஏதோ ஓர் அழுக்கு ஒளியை உள்வாங்கி வேறு நிறத்தில் உமிழ்கிறது என்பது அதன் பொருள். ராமனுக்கு அந்த விளக்கம் நிறைவளிக்கவில்லை. திரவத்தை வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துப் பார்த்தார்கள். அழுக்கு நீங்கினால் ஒளியும் மறைய வேண்டுமல்லவா? அது குறையவே இல்லை. பிறகு ராமன் குழுவைச் சேர்ந்த எஸ். வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் பச்சை ஒளியைக் கண்டார். அந்த ஒளி வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. சாதாரண உடனொளிர்வு அப்படி இருக்காது. 1928 தொடக்கத்தில் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணன் ஏறத்தாழ 60 திரவங்களில் இதே ஒளியைக் கண்ட பிறகுதான், இது மூலக்கூறின் சொந்தக் குணம் என்று ராமன் உறுதியாகச் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மங்கலான அந்த ஒளி 1923லேயே கண்ணில் பட்டுவிட்டது. அதற்கு விளக்கம் கிடைத்தது, திரவத்தைத் தூய்மையாக்கியும் மாற்றியும் நிலைமைகளைத் திருப்பிப் போட்டும் சோதிக்க முடிந்ததால். ராமன் நிறமாலையில் தெரியும் கோடு ஒரு மூலக்கூறின் அதிர்வைக் காட்டும். அந்த மூலக்கூறு எங்கிருந்து வந்தது, உயிர் அதை உண்டாக்கியதா என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. சோதிப்பவர் நிலைமைகளை மாற்றித்தான் விடையைப் பெற வேண்டும்.

நுண்ணுயிர் ஆய்வில் ராமன் நிறமாலை முறை வேரூன்றிய கதையும் இதையே காட்டுகிறது. ராமன் சிதறல் மிக மிக அரிது. கோடிக்கணக்கான ஒளித்துகள்களில் ஒன்றுதான் அப்படி நிறம் மாறும். 1960இல் லேசர் வந்த பிறகும், எழுபதுகளில் நுண்ணோக்கியோடு நிறமாலைமானி இணைந்த பிறகும்தான் ஒற்றைச் செல்லைத் தொட முடிந்தது. உயிருள்ள ஒரு செல்லைக் கொல்லாமல் அதன் நிறமாலையைப் பதிவு செய்த ஆய்வு 1990இல் வெளியானது. பின்னர் ஆய்வாளர்கள் நுண்ணுயிர்களுக்குக் கனநீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். உயிரோடு இயங்கும் செல் அதிலிருந்து டியூட்டிரியத்தை (கன ஹைட்ரஜனை) எடுத்துத் தன் கொழுப்பிலும் புரதத்திலும் சேர்த்துக்கொள்ளும். அப்போது நிறமாலையில், வழக்கமாக வெறுமையாக இருக்கும் பகுதியில் புதிய பட்டை ஒன்று எழும். செத்த செல்லில் அது எழாது. உயிரை நேரடியாகக் காட்டும் ராமன் சோதனை என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். இங்கே சான்று, ஊட்டுவதற்கு முன்பும் பின்பும் உள்ள வேறுபாடு.

அப்படி ஊட்டிப் பார்க்கும் வாய்ப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதிப் பாறைகள் சாட்சி. அங்குள்ள ஏபெக்ஸ் செர்ட் என்ற பாறையில், ஏறத்தாழ 346 கோடி ஆண்டுப் பழமையான, இழை வடிவ நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் இருப்பதாகத் தொல்லுயிரியலாளர் வில்லியம் ஷோப் 1993இல் அறிவித்தார். 2002இல் ராமன் படங்களைக் காட்டி, அந்த இழைகள் உயிர்வழிக் கரிமத்தால் ஆனவை என்றார். நேச்சர் இதழின் அதே பதிப்பில் மார்ட்டின் பிரேசியர் குழு மறுத்தது: அவை சூடான நீர் ஓடிய பாறைப் பிளவுகளில் உருவான கரிமத் திட்டுகள் என்றது. கரிமம் உண்டு என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. சிதைந்த கரிமம் எதுவாக இருந்தாலும் அகன்ற இரண்டு பட்டைகளையே தரும். உயிரிலிருந்து வந்ததும் வேதிவினையில் பிறந்ததும் அங்கே ஒன்றுபோலத்தான் தெரியும். 2011இல் மற்றொரு குழு, அதே பாறையில் அத்தகைய வடிவங்கள் சில குவார்ட்ஸும் ஹேமடைட்டும் நிரம்பிய விரிசல்களே என்று காட்டியது.

இனி செவ்வாய். 2021 பிப்ரவரியில் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் சூப்பர்கேம், ஷெர்லாக் என்ற இரண்டு கருவிகள் ராமன் முறையைப் பயன்படுத்துகின்றன. ஷெர்லாக் ஆழ் புற ஊதா ஒளியில் இயங்குவதால் உடனொளிர்வு அதன் ராமன் கோடுகளை மூழ்கடிக்காது என்பார்கள். உண்மைதான், நல்ல வடிவமைப்பு. ஆனால் அந்தக் கருவி உடனொளிர்வையும் தனியே சான்றாகப் பதிவு செய்கிறது. கரிம மூலக்கூறுகள் என்று 2023இல் விளக்கப்பட்ட ஒளிர்வுகளைச் சீரியம் கலந்த பாஸ்பேட்டாலும், சிலிக்காவின் படிகக் குறைகளாலும் விளக்க முடியும் என்று அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கல்கத்தாவில் எழுந்த அதே ஐயம் இது: அழுக்கா, பொருளா? அங்கே காய்ச்சி வடிக்க முடிந்தது. ஜெசீரோவில் ஊர்தியால் பாறையைச் சுரண்டிப் பார்க்க முடியும், தூய்மையாக்கிப் பார்க்க முடியாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. கரோட்டினாய்டு போன்ற நிறமிகளை உயிரே உண்டாக்குகிறது, அதன் கோடுகளும் தெளிவானவை, அது கிடைத்தால் போதாதா? கிடைத்தால் உலகமே திரும்பிப் பார்க்கும். பூமியில், அன்டார்க்டிகாவின் பாறைகளில் வாழும் லைக்கன்களில், அது அழகாகத் தெரியவும் செய்கிறது. ஆனால் ஜெசீரோவில் ஏரி இருந்தது 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். அவ்வளவு காலக் கதிர்வீச்சில் நிறமி தப்பிப் பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மிஞ்சக்கூடியது, ஏபெக்ஸில் சண்டையை முடிக்க முடியாத அதே சிதைந்த கரிமம். 2024இல் 'செயாவா ஃபால்ஸ்' என்று பெயரிடப்பட்ட பாறையில் ஷெர்லாக் கண்டதும் கரிமப் பட்டையே. 2025 செப்டம்பரில் அந்தப் பாறையைப் பற்றி வந்த கட்டுரையை எழுதியவர்களும் அதை உயிரின் தடயமாக இருக்கக்கூடியது என்ற அளவிலேயே நிறுத்தினார்கள். அவர்களின் அந்த நிதானம் சரியானது. அதைத் தலைப்புச் செய்திகளும் காக்க வேண்டும்.

ராமன் முறையை மட்டும் நம்பாத அடுத்த முயற்சியாக, ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி 2028இல் புறப்படத் திட்டமிடப்பட்டுள்ளது. அது 2 மீட்டர் ஆழம் வரை துளையிட்டு எடுக்கும் மண்ணை, ராமன் கருவியோடு அகச்சிவப்பு நுண்ணோக்கியும் மூலக்கூறுகளைப் பிரித்து எடைபோடும் கருவியும் ஆராயும்.