துல்ஹுலைஃபாவில் பிறந்த குழந்தை

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு துல்கஅதா மாதத்தின் இறுதியில், நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்துக்குப் பின் தாம் நிறைவேற்றிய ஒரே ஹஜ்ஜுக்காக மதீனாவை விட்டுப் புறப்பட்டார்கள். உடன் சென்ற பெருந்திரளில் அபூபக்கர் (ரலி) அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் இருந்தார்கள். அவர்கள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. மதீனாவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துல்ஹுலைஃபாவை அடைந்ததும், அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முஹம்மத் இப்னு அபீபக்கர் என்று வரலாறு அறிவது அக்குழந்தையைத்தான்.

அஸ்மா (ரலி) அவர்களுக்கு மகப்பேறு புதிதன்று. முதற்கணவர் ஜஃபர் (ரலி) அவர்களுடன் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று, அந்நிய மண்ணில் பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஹிஜ்ரி 8-இல் முஃதா போரில் அக்கணவரை இழந்தவர்கள். அத்தகைய அனுபவம் உடையவர்களுக்கும் எண்ணியது ஒன்று, நடந்தது ஒன்றாயிற்று. இனி என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டனுப்பினார்கள். குளித்து, உதிரப்போக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, இஹ்ராம் பூணுமாறு பதில் வந்தது.

இந்தப் பதிலைச் சற்றே நின்று நோக்க வேண்டும். இந்த நிலையில் ஏன் புறப்பட்டாய் என்ற கண்டனம் அதில் இல்லை. வீடு திரும்பு என்ற கட்டளையும் இல்லை. கஅபாவை வலம் வருவது மட்டும் தூய்மை அடையும்வரை தள்ளிப்போகும். மற்றக் கிரியைகளில் தடையில்லை. வழி மாறிற்று, நாடிய இடம் மாறவில்லை.

இன்று நம் வீடுகளில் நடப்பதென்ன? இயற்கையாகப் பெற்றால் அதற்குச் ‘சுகப்பிரசவம்’ என்று பெயர். அச்சொல்லே மற்றதைச் சுகமற்றதாக்கி விடுகிறது. பத்து மாதமும் நடந்து, உணவைப் பேணி, துஆக்களை ஓதி ஆயத்தமான பெண், கடைசி நேரத்தில் அறுவை சிகிச்சைக்கு உள்ளாக நேர்ந்தால், குழந்தையைப் பார்க்க வருவோர் முதலில் கேட்பது, “ஏன் ஆபரேஷன்?” என்பதே. தையலின் வலியோடு, தான் தோற்றுவிட்டோம் என்ற வலியையும் அவள் சுமக்கிறாள்.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் கூறுகிறது. பேரீச்ச மரத்தடியில் தனித்து நின்ற அவர்கள், வேதனை மிகுதியால் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று புலம்பினார்கள். அந்தப் புலம்பலுக்காக இறைவன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், கனிந்த பேரீச்சம்பழமும் கிடைத்தன. ஆயினும் மரத்தை உலுக்கும் முயற்சி அவர்களிடமே விடப்பட்டது. தவக்குல் என்பது கைகட்டி நிற்பதன்று.

அம்முயற்சியை நம் முன்னோர் மருத்துவத்திலும் மேற்கொண்டனர். குர்துபாவின் அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் 30-ஆம் பகுதியில், குழந்தை தலைக்குப் பதிலாகக் கையோ காலோ முன்வைத்து வரும்போது மருத்துவச்சி செய்ய வேண்டியதை விளக்குகிறார். கருவிகளையும் வரைந்து காட்டுகிறார். பேறு திசைமாறக்கூடும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்ததும் அவருக்கு ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

அவர் காலத்தில் வயிற்றைத் திறந்து தாயையும் சேயையும் ஒருங்கே காக்கும் வழி இல்லை. பின்னும் பல நூற்றாண்டுகள் அச்சிகிச்சை பெரும்பாலும் தாயின் உயிரைப் பலிகொண்டது. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் ஸாங்கர் கருப்பைக் காயத்தைத் தைத்து மூடும் முறையை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. முந்தைய தலைமுறைத் தாய்மார்களுக்குக் கிட்டாத அருட்கொடை அது. அதைப் பெற்றவளைக் குறைவாக எண்ணுவது நன்றியாகுமா?

தேவையற்ற அறுவை சிகிச்சை குறித்துக் கேள்வி கேட்பது நம் உரிமை. அக்கேள்வியைக் கணவனும் மனைவியும் பேறுகாலத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்கட்டும்: எந்நிலையில் அறுவை தேவைப்படும், எந்த மருத்துவமனைக்குச் செல்வது, இரத்தம் தருவோர் யார்? ஆபத்து நேர்ந்தபின், ஊரிலுள்ள பெரியவர்களின் சம்மதத்துக்காகக் கையொப்பமிடாமல் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

சகோதரிகளே! இயற்கையான பேற்றுக்கு ஆயத்தமாகுங்கள். அது நல்ல நாட்டமே. வழி மாறினால், துல்ஹுலைஃபாவை நினைவுகூருங்கள். பார்க்கச் செல்வோரே! “ஏன் ஆபரேஷன்?” என்று கேட்காதீர்கள். தாயும் பிள்ளையும் நலமா என்று கேட்டு, பரக்கத்துக்கு துஆ செய்யுங்கள்.

கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் இலகுவையும் ஆஃபியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.